உங்க அலர்ஜி எந்தக் கட்டத்துல இருக்கு?

ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் பத்தி ஒரு த்ரெட். போரடிக்கும்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க, உங்க உயிர் சம்பந்தப்பட்டது.

எங்க கோவை, பொள்ளாச்சி, அன்னூர்ப் பக்கம் ஓ.பி.ல "பழனிசாமி"ன்னு கூப்பிட்டா நாலு பேர் எழுந்திருப்பாங்க. அதனாலதான் கம்ப்யூட்டர் உங்களைப் பேரால தேடக்கூடாது, நம்பரால தேடணும். ஓ.பி. சீட்டுல இருக்கற நம்பரும், அரசின் 14 இலக்க ஆபா எண்ணும் அதுக்குத்தான். போன தடவை சீட்டைத் தொலைச்சுட்டுப் புதுசாப் பதிஞ்சா, இனிஷியலை ஒருத்தர் முன்னாடி போடுவார், இன்னொருத்தர் பின்னாடி போடுவார். ஒரே ஆள் ரெண்டு நோயாளி ஆயிடுவார். ரிப்போர்ட்டும் ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கும்.

வயசும் அப்படித்தான். 2019ல 54ன்னு எழுதி வெச்சா இன்னிக்கும் 54தான் காட்டும். பிறந்த தேதியை வெச்சு வயசைக் கணக்குப் போட்டாத்தான் சரி.

அப்புறம் அளவு. லண்டன்ல இருக்கற சொந்தக்காரர் ரிப்போர்ட் அனுப்புவார், வெறும் வயித்துல சுகர் 8. "ரொம்பக் கம்மியாயிடுச்சுங்களா டாக்டர்?" கம்மி இல்லைங்க. அங்கே மில்லிமோல் கணக்கு. 18ஆல பெருக்குங்க, நம்ம மில்லிகிராம் கணக்குல 144. அதாவது சர்க்கரை நோய். எண் மட்டும் இருந்து அளவு இல்லாமப் போனா என்ன ஆகும்னு நாசாவே 1999ல பார்த்துச்சு. பவுண்டு கணக்கை நியூட்டன்னு எடுத்துக்கிட்டதுல செவ்வாய்க்கு அனுப்பின விண்கலமே போச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வருஷங்களுக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரி. நுரையீரல் தொற்றுன்னு அட்மிட் ஆன ஒரு அம்மாவுக்கு அமாக்ஸிசிலின் கலந்த ஊசி எழுதியாச்சு. கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் காட்டல. ஊசியை ஏத்தறதுக்கு முன்னாடி ஸ்டாஃப் நர்ஸ் வழக்கமாக் கேக்கற கேள்வியைக் கேட்டாங்க. "ஏனுங்கம்மா, எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதுங்களா?"

"பென்சிலின் போட்டா உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைச்சுக்குமுங்க. போன தடவையே சொன்னனுங்களே!"

சொல்லியிருக்காங்க. பதிவும் ஆகியிருக்கு. அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பம்தான். ஏத்தியிருந்தா சில நிமிஷத்துல பிரஷர் சரிஞ்சிருக்கும்.

ஏன் காட்டலைன்னு சாஃப்ட்வேர் தம்பி தேடிப் பார்த்தார். பழைய வெர்ஷன்ல "அலர்ஜி"ன்னு ஒரே கட்டம். புதுசுல அதை "மருந்து அலர்ஜி", "உணவு அலர்ஜி"ன்னு ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. மருந்து எழுதற ஸ்கிரீன் புதுக் கட்டத்தை மட்டும் பார்க்குது. பழைய தகவல் பழைய கட்டத்துலயே பத்திரமா இருக்கு, யாரும் எட்டிப் பார்க்காம! புதுக் கட்டம் காலி. காலின்னா "அலர்ஜி இல்லை"ன்னு மெஷின் எடுத்துக்குச்சு.

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வர்ற இடம். "கேட்டோம், இல்லைன்னாங்க" வேற. "யாரும் கேக்கவே இல்லை" வேற. ரெண்டையும் ஒரே வெத்துக் கட்டமாக் காட்டற சாஃப்ட்வேரை நான் நம்பறதில்லை.

அதனால ஒத்துக்காத மருந்தோட பேரை, பிராண்டு பேர் இல்லைங்க, மருந்துப் பேரை, ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க. போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. "கம்ப்யூட்டர்ல இருக்குமே"ன்னு விட்டுடாம ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லுங்க.

அந்த ஆஸ்பத்திரியில பழைய பதிவுகளை ஆள் வெச்சு ஒண்ணொண்ணாப் படிச்சுப் புதுக் கட்டத்துக்கு மாத்தினாங்க. இப்ப அலர்ஜிக் கட்டத்தைக் காலியா விட்டா அட்மிஷன் ஸ்கிரீன் அடுத்த பக்கத்துக்கே போகாது.