திண்டுக்கல் மலையில் ஒரு டி.ஏ. பில்

மலைக்கோட்டையில் பாதி ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. கூட வந்த நண்பன், "இதுல குதிரைங்க எப்படிடா ஏறிச்சு?" என்றான்.

ஏறியிருக்காது சாமி! 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்த கோட்டை மேலே. புல்லும் தண்ணீரும் கீழே, சமவெளியில்.

1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பியது. பாளையக்காரர்களை அடக்க வேண்டும். வரியைக் கறக்க வேண்டும். அவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள் போக, பிண்டாரிக் குதிரைக்காரர்களும் இருந்தார்கள். சம்பளம் சைபர். கொள்ளையில் பாதி அவர்களுக்கு, பாதி ஹைதருக்கு! ஸ்காட்லாந்திலும் சம்பளத்துக்காக இல்லாமல் குதிரைப்படையில் சேர்ந்தவர்கள் உண்டு. எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டே 1797-ல் எடின்பரோ தொண்டர் குதிரைப்படையில் சேர்ந்து கணக்கு வழக்கு பார்த்தார். அங்கே பிரெஞ்சுக்காரன் வந்துவிடுவான் என்ற பயம். இங்கே பங்கு.

அந்தப் பங்குக் கணக்கைப் போட்ட மூளை காண்டே ராவ். ஹைதரின் கணக்குப்பிள்ளை. பி.காம். படித்த எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

சம்பளப் பட்டியல் இன்னும் ஜோர். பத்தாயிரம் பேரையே சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, மைசூரிலிருந்து வந்த அதிகாரியிடம் பதினெட்டாயிரம் என்று கணக்குக் காட்டினாராம். ஒரு சண்டையில் நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரி வந்தபோது கையிலும் காலிலும் மஞ்சள் துணி சுற்றி நின்றவர்கள் சுமார் 700! எழுதி வைத்தவர் மார்க் வில்க்ஸ். கும்பெனிக்காரர், எதிராளி, கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஆபீஸில் பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று டி.ஏ. பில் எழுதினவன்தானே நானும்! அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறும்வரை ஆளுக்கு மாதம் 14 ரூபாய் வாங்கிய ஹைதர், அந்த 67 பேருக்குக் கொடுத்தது 7 ரூபாய். கை போனவனும் கால் போனவனும் இதே சமவெளியில் எங்கோ படுத்துக்கொண்டு அந்த ஏழு ரூபாயை எண்ணியிருப்பான். அவன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

காண்டே ராவ் பின்னால் ஹைதருக்கு எதிராகத் திரும்பி, 1761-ல் மாட்டிக்கொண்டார். "கிளி மாதிரி வளர்ப்பேன்" என்று வாக்குக் கொடுத்த ஹைதர், சொன்னபடியே இரும்புக்கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டார்.

இறங்கி வந்து பிரியாணிக் கடையில் உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்ததும் சர்வர் நண்பனின் கழுத்துப் பட்டை அடையாள அட்டையைப் பார்த்தார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"பில்லுல தொகை எழுதாம தரட்டா சார்?"