வழுக்கக் கற்ற கதை

எங்கள் வள்ளியூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரிந்திராது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பனைமரம், காற்றாடி, மறுபடியும் பனைமரம்" என்று கணக்கெடுத்துவிட்டுத் தூங்கிப் போவார்கள். குன்றைக் குடைந்த கோயிலிலே முருகன் எழுந்தருளியிருப்பதும், மேற்கே மகேந்திரகிரி மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நிற்பதும் இறங்கிப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குப் பனை தெரியும், பனி தெரியாது. மார்கழி விடியலில் புல் நுனியில் ஒட்டியிருக்கும் நாலு துளிகளையே பனி என்று சொல்லி, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் ஜாதி நாங்கள்.

அப்படிப்பட்ட ஊரில் உபாத்தியாயராக இருக்கும் நான், பனியில் மோட்டார் வழுக்குவதைப் பற்றி எழுத வந்திருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊரை ஒட்டிப் போகும் நாற்கரச் சாலைக்கு எண் 44. முன்னாளில் அதற்கு எண் 7. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரையில் ஓடியது. 2010-இல் எண்களை மாற்றி அமைத்தபோது வடக்கே நீண்டு ஸ்ரீநகரைத் தொட்டது. மொத்தம் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, எண் மாறாமல் போய்க்கொண்டே இருந்தால், காஷ்மீரத்துப் பனியில் போய் நிற்கலாம்!

இந்தச் சாலையிலேதான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. ஐப்பசியில் முதல் மழை பெய்த மாலை. திருநெல்வேலியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, என் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். நாங்குநேரியைத் தாண்டியதும் ஓர் ஆட்டுமந்தை சாலையைக் கடந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை! பின்பக்கம் இடப்புறமாக ஓடியது. நான் பயந்து ஸ்டீரிங்கை வலப்புறம் ஒடித்தேன். அவ்வளவுதான்; வண்டி அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு லாரி வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு வந்து, முப்பதடி தூரத்தில் நின்றது.

யாருக்கும் காயமில்லை. ஆடுகளுக்குக்கூட இல்லை. ஆனால் பின்னாலிருந்து மகள் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனம் லாரியைவிட என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இனிமே மழையிலே நீங்க வண்டியை எடுக்க வேண்டாம்" என்றாள். நானும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் அரைப் பரீட்சை விடுமுறையில் காஷ்மீரத்துக்குப் பிரயாணமானோம். ரயிலில் ஜம்மு வரை. அப்புறம் வாடகைக் காரில், நம்முடைய அதே 44-ஆம் எண் சாலையில். அந்தச் சாலையின் பெருமையை என்னவென்று சொல்வது! 2017-இல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கம் மட்டும் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். அடுத்து, 2021-இல் போக்குவரத்துக்கு விட்ட பனிஹால்–காஸிகுண்ட் சுரங்கம், எட்டரைக் கிலோமீட்டர். அதற்குள் இருட்டாக நுழைந்து வெளியே வந்தால், உலகமே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது! மகள் வாயைத் திறந்தாள், மூடவேயில்லை.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் போகும் வழியில் டங்மார்க் என்று ஓர் ஊர். அதற்கு மேலே மலையேற்றம். பனிக்காலத்தில் டயர்களுக்கு இரும்புச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். மாட்டுக்குக் கொலுசு போடுவதுபோல் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டுவதை நான் வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். என் அரைகுறை ஹிந்தியில் ஐப்பசிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மாஸ்டர்ஜி, நீங்கள் செய்த தப்பை எல்லாரும் செய்வார்கள். ஆனால் சாலையிலே செய்யக் கூடாது. வாருங்கள், செய்வதற்கு இடம் காட்டுகிறேன்" என்றார்.

பக்கத்தில் ஒரு விசாலமான வெளி. மரமில்லை, பள்ளமில்லை, மனிதரில்லை. பனி மாத்திரம் இறுகிக் கிடந்தது. சங்கிலி மாட்டாத தம் காரில் என்னை ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து, தாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகச் சொன்னார். "இப்போது பயந்துகொண்டதுபோல் பிரேக்கை மிதியுங்கள்!"

மிதித்தேன். சறுக்கியது. மறுபடியும் மிதிக்கச் சொன்னார். மறுபடியும் சறுக்கியது. எனக்கு ஆச்சரியம், நாலாவது தடவையில் பயம் போய்விட்டது!

அப்புறந்தான் பாடம் ஆரம்பமாயிற்று. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம் உபாத்தியாயர் சம்பளத்தைப் போன்றது, அளவானது. முழுவதையும் பிரேக்கிலே செலவழித்துவிட்டால், திருப்புவதற்கு ஒரு காசுகூட மிஞ்சாது. ஆகையால் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை; பிறகு திருப்பு; நிமிர்ந்த பிறகு வேகம் கூட்டு. பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக்கிலிருந்தும் ஆக்ஸிலேட்டரிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். வண்டி நேரானதும் ஸ்டீரிங்கையும் உடனே நேராக்க வேண்டும், இல்லையேல் மறுபக்கம் வீசிவிடும். முன்சக்கரம் திரும்ப மறுத்து நேரே போனால், இன்னும் ஒடிக்காமல் சற்றே தளர்த்திப் பிடி திரும்பக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோதிவிடுவோம் என்று பயப்படும் இடத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போன வழியே கை போகும்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? அன்றிரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால், உலர்ந்த தார்ச்சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியில் சுமார் 30 மீட்டரும், வழவழப்பான பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேலும் ஓடும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. புதுக் கார்களில் இருக்கும் ஏ.பி.எஸ். என்ற சாதனம் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, திருப்பும் சக்தியைக் காப்பாற்றிக் கொடுக்கும். அத்தகைய வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திருப்பலாம். ஆனால் அதுவும் பனியில் தூரத்தைக் குறைத்துவிடாது. தூரத்தைக் குறைக்க நாம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஸ்வீடன், நார்வே தேசங்களில் இந்த அப்பியாசம் சட்டமாகவே இருக்கிறது. கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டுமானால், அதற்கென்று அமைத்த வழுக்கு மைதானத்தில் பாதுகாப்பாகச் சறுக்கிப் பார்த்திருக்க வேண்டும். அபாயத்தை முதன்முதலாகச் சாலையில் சந்திக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தப்புகளுக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு வந்த எனக்கு, தப்புச் செய்ய ஓர் இடம் கொடுப்பதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை என்பது டங்மார்க் பனியில்தான் உறைத்தது.

"வள்ளியூரில் பனி ஏது?" என்று கேட்பீர்கள். எங்கள் முதல் மழையே பனிதான். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் செம்புழுதியும் முதல் தூறலில் குழைந்து, சோப்பு நுரைபோல் ஆகிவிடுகின்றன. நன்றாகக் கொட்டி அலம்பிவிட்டால் பாதகமில்லை. அந்த ஆரம்ப அரைமணி நேரந்தான் பொல்லாதது.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள், சிநேகிதர் ஒருவரின் வேலியடைத்த வெறும் திடலை அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். செம்மண் சேறு. நாலு மூலையிலும் பனையோலை நட்டு எல்லை குறித்தேன். மகள் வேலிக்கு வெளியே நின்று, நான் சரியாக நேராக்கிய தடவைகளை எண்ணினாள். முதல் பத்தில் மூன்று. கடைசிப் பத்தில் எட்டு. சிவப்பு மை உபயோகிக்கவில்லை.

மறுபடியும் ஐப்பசி வந்தது. "மெதுவாய்ப் போகிறதானால் வருகிறேன்" என்று மனைவி ஏறினாள். ஏர்வாடி விலக்குக்கு அருகில் தூறல். வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போனேன். இருந்தும் ஒரு சேற்றுத் திட்டில் வண்டியின் வால் இடப்புறம் நழுவியது. காலைத் தூக்கிவிட்டேன். கை தானாக இடப்புறம் திரும்பி, தானாக நேராயிற்று. வண்டி ஒன்றும் நடவாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

மனைவி, "வீட்டிலே பால் வாங்கி வைத்திருக்கிறதா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னாலிருந்து மகள் மாத்திரம், "ஒன்பது, அப்பா" என்றாள்.