ஞாயிறு கிரிக்கெட்: ஒருநாள் சுற்றுப்போட்டி போதுமா?

தெஹிவளைப் பக்கத்து மென்பந்து கிரிக்கெட் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

இப்போதெல்லாம் அடிக்கடி ஏதாவது ஒரு சுற்றுப்போட்டி போஸ்டர் பேஸ்புக்கில் வருகிறது. ஐந்து ஓவர், எண்ட்ரி ஃபீ, கிண்ணம், காலையிலிருந்து இரவு வரை ஸ்பீக்கர். நடத்துகிறவர்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பதினாறு டீம் வந்தால் எட்டு டீம் முதல் மெட்ச்சோடு வீட்டுக்குப் போய்விடும். சுபஹு தொழுதுவிட்டு நேரே கிரவுண்டுக்கு வந்த பொடியன் ஏழரைக்கு முதல் பந்திலேயே அவுட். எட்டு மணிக்கு டீமே அவுட். அன்றைக்கும் அவனுக்கு வேலையில்லை, அடுத்த ஞாயிறும் வேலையில்லை. வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஒரேயொரு தவணைப் பரீட்சையோடு "எனக்கு இது வராது சேர்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த கிழமை இன்னொரு மெட்ச் இருக்கிறது என்று தெரிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். இடையில் இருக்கும் ஆறு நாளும் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான்.

லீக்கின் பெறுமதி அதுதான். நம் நாட்டு கிரிக்கெட் வளர்ந்ததே வார இறுதி லீக்கில். பி. சரவணமுத்து கிண்ணத்துக்காக, பழையவர்கள் வாயில் "சாரா ட்ரொஃபி", கொழும்புக் கழகங்கள் சனி ஞாயிறுகளில் மோதிக்கொண்ட காலம் அது. கிழமை நாளில் கந்தோர், வார இறுதியில் மைதானம். 1982 பெப்ரவரியில் அதே சரவணமுத்து பெயரிலான மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதலாவது டெஸ்ட் ஆடிய நம் அணி அந்த லீக்கில் பழகிய அணி. அதில் 54 ஓட்டம் எடுத்து நாட்டுக்காக முதல் டெஸ்ட் அரைச்சதம் அடித்த அர்ஜுன ரணதுங்க அப்போது பாடசாலைப் பொடியன். உள்நாட்டுக் கழகப் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது அதற்கும் பிறகு, 1988/89 பருவத்தில்தான்.

கழகங்களின் பெயரைப் பாருங்கள். மலாய், சிங்களவர், தமிழர், பறங்கியர், சோனகர் என்று ஆளுக்கொன்று. மலாய்க் கழகம் 1872இல் தொடங்கியது. எஸ்.எஸ்.சி.யும் தமிழ் யூனியனும் ஒரே ஆண்டு, 1899. இனத்துக்கொரு கழகம் என்று கேட்டால் இன்று எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் லீக் என்று வந்தால் இவர்கள் எல்லாரும் ஒருவர் மைதானத்துக்கு மற்றவர் போயே ஆகவேண்டும், சேர்ந்து தேநீர் குடித்தே ஆகவேண்டும். போகப்போக பெயர்ப்பலகை மட்டும் பழையபடி நின்றது, ஆட்கள் கலந்துவிட்டார்கள். குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ரங்கன ஹேரத் மூர்ஸுக்கும் ஆடினார், தமிழ் யூனியனுக்கும் ஆடினார். 433 டெஸ்ட் விக்கெட் எடுத்த அந்த மனிதர் வங்கியில் வேலையும் பார்த்தார் என்பதை எங்கள் ஓ.எல். வகுப்பில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 2019. அப்போது எங்கள் பக்கத்தில் நாலைந்து டீம்கள் பெயரில்லாத ஒரு லீக்காக ஞாயிறுகளில் மாறிமாறி ஆடிவந்தன. ஏப்ரல் 21 பிற்பகல் மிருகக்காட்சிச்சாலைப் பக்கத்திலும் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு பத்துப் பொடியன்கள் பெட் பையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து வீதியில் நடக்கவே உம்மாமார் பயந்தார்கள். கிரவுண்ட் பக்கம் யாரும் போகவில்லை. சில கிழமை கழித்து நெதிமால டீமின் கெப்டன் கோல் எடுத்தார். த்ரீவீல் ஓட்டுகிறவர், சிங்களவர். எங்களுக்குச் சொந்தமுமில்லை, நெருங்கிய கூட்டாளியுமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எதிர்ப்பக்கம் நின்று ஆடியவர், அவ்வளவுதான். எங்கள் விக்கெட் கீப்பரைப் பெயர் சொல்லிக் கேட்டார்: "அவனுக்குக் கால் சரியாகிவிட்டதா? ஞாயிறு வாங்க, எங்கட ஆட்கள் சந்தியில் நிற்பார்கள்." நின்றார்கள். எங்கள் பைகளில் இரண்டை அவர்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒருநாள் சுற்றுப்போட்டியில் இந்தப் பழக்கம் வராது. எதிர் டீமின் பெயர் ஜேர்சியில் இருக்கும், ஆளின் பெயர் தெரியாது. போதாததற்கு இப்போது கிண்ணத்துக்காக வெளியூரிலிருந்து ஆள் இறக்குகிறார்கள். அந்த இடத்தில் ஆடவேண்டிய எங்கள் தெருப் பொடியன் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறான்.

2020இல் கொரோனா வந்து அந்தச் சின்ன லீக் நின்றது. பிறகு யாரும் எழுப்பவில்லை. எழுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு டீம், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஒரு தடவை ஆடினால் 28 மெட்ச். ஞாயிறுக்கு நான்கு என்றால் ஏழு ஞாயிறு. ஆறு ஓவர் மெட்ச் ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் போதும். காலையில் வேண்டாம். சின்னவர்களுக்கு அஹதிய்யா இருக்கிறது, சிங்களப் பிள்ளைகளுக்குத் தஹம் பாடசாலை. லுஹர் முடிந்து இரண்டு மணிக்குத் தொடங்கினால் இடையில் அஸருக்கு நிறுத்தியும் மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம். அடுத்த மெட்ச்சுக்குக் காத்திருக்கும் டீம் அம்பயர் தர வேண்டும், துடுப்பெடுக்கும் டீம் தன் ஆளையே நிறுத்தி அடிபிடிப்படுவது போதும். வட்டாரத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு டீமிலும் பதினாறு வயதுக்குக் குறைந்த இரண்டு பேர் கட்டாயம்.

மைதானத்துக்கு முன்கூட்டியே மாநகர சபைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் எழுதுகிறோம். நெதிமால கெப்டனிடம் பேசியாயிற்று, அவர் டீம் வரும். களுபோவில, கவுடான, ஹில் வீதிப் பக்கத்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். ஆடுவதற்கு ஆள் தேடத் தேவையில்லை. ஏழு ஞாயிறும் தவறாமல் வந்து ஸ்கோர் புத்தகம் எழுத இரண்டு பேர் வேண்டும். முன்பு ஆடி இப்போது முழங்கால் வலி என்று வீட்டில் இருக்கும் நானாமார் யாராவது இன்பொக்ஸில் வாருங்கள்.