கிழக்குக் கரையோரமாக – 6: பன்னுக்குள் பதினொன்று

வெருகலில் தங்கிய இரவோடு மழை விட்டது. விடியுமுன்பே கிளம்பி, ஈச்சிலம்பற்று வழியாக இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கு வந்தபோது களப்பு வெளுத்துக்கொண்டிருந்தது. தோணிக்காரர் கரையில் காத்திருந்தார். எழுபது வயதிருக்கும். "சத்தம் போடாம ஏறுங்க தம்பி, தாரா குஞ்சோட நிக்குது" என்றார்.

முகத்துவாரத்துப் பக்கம் தாராவைத் தேடிப் பயனில்லை. அங்கே கடலின் உப்பு. பிஞ்சு உடம்பு அதைத் தாங்காது. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு மாரியில் பெருகிப் பரவும் தாழ்நிலத்தில்தான் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த ஒதுக்கில், ஆளுயரப் பன்னுக்கு நடுவே தோணியைச் சொருகினார். பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை.

சீழ்க்கைத் தாராக்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் குஞ்சுகள் பதினொன்று. எது தாய், எது தகப்பன் என்று பிரிக்க முடியவில்லை. இந்த இனத்தில் இரண்டுக்கும் ஒரே செம்பழுப்பு. மாரியில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் தாராவில், பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும் சேவல் விலகிவிடும். இவை அப்படியல்ல. மரப்பொந்திலோ புல்லுக்குள்ளோ, சிலவேளை காகம் விட்டுப்போன கூட்டிலோ முட்டையிட்டு, மூன்று கிழமைக்கு மேல் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். பொரித்த பிறகும் இரண்டுமே கூட நிற்கும்.

திடீரென்று முன்னால் போனது கழுத்தை நெட்டாக நிமிர்த்தியது. மேலே செம்பருந்து. ஒரேயொரு சின்னச் சீழ்க்கை. அவ்வளவுதான், தண்ணீரில் குஞ்சு என்று ஒன்றுமில்லை. பன்னின் அடித்தண்டுகள் மட்டும் லேசாக ஆடின. பெரியது ஒன்று வெளியிலேயே நின்றது. சீழ்க்கையடித்தபடி, குஞ்சுகள் ஒளிந்த திசைக்கு எதிர்த்திசையில் அது நீந்தியதைப் பார்த்தபோது என் தொண்டை அடைத்தது.

பருந்து போய்விட்டது. குஞ்சுகள் வந்தன. எண்ணினேன், பத்து.

பதினோராவது எங்கள் தோணியருகே சல்வீனியாவில் சிக்கிக் கிடந்தது. நூல்போன்ற வேர் ஒரு காலைச் சுற்றியிருந்தது. கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, முதுகில் முத்துமுத்தாகத் தண்ணீர். கையை நீட்டிவிட்டேன்.

"தொட்டிராதீங்க தம்பி." கம்பை ஊன்றித் தோணியை இரண்டு முழம் பின்னுக்கு எடுத்தார். "சின்ன வயசில முட்டையைக் கொண்டுபோய்க் கோழியில அடைவைச்சிருக்கம். பொரிக்கும். ஆனா அந்தக் கோழிக்குத் தண்ணியில இறங்கத் தெரியாதே."

விராலும் முதலையும் இருக்கிற நீர் அது. எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நீண்டது. பின்னால் போன தாரா திரும்பி வந்தது. எங்களைப் பார்த்தது, தயங்கியது, ஆனாலும் வந்தது. அலகால் செடியை விலக்கி விலக்கி, குஞ்சை ஒட்டி நின்று மெல்லக் குரல் கொடுத்தது. குஞ்சு உதைத்தது, மறுபடியும் உதைத்தது, வேர் அறுந்தது. தாரா அதை முன்னே விட்டுப் பின்னால் போனது.

"பதினொண்டு" என்றார் ஐயா. அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மூதூர் பஸ் எட்டரைக்கு. நாங்கள் அசையவில்லை.

(தொடரும்)