வலையூசி புகட்டிய பாடம்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று நாம் சிறிது மயங்கினோம். விடுதிச் சாலை நினைவுகளையும் விளையாட்டுப் போட்டிகளின் சிறப்பையும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். நாமோ வகுப்பில் முதல்வராய் வந்ததுமில்லை, கடையராய் நின்றதுமில்லை. எம்மைப் பற்றி ஆசிரியர்கள் நினைவு வைத்திருக்க யாதொரு காரணமும் இல்லை. ஆயினும், எழுபது வயதைக் கடந்த பின்னர் எமது ஊராகிய இறுப்பிட்டியில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனிடம் நாம் கற்ற பாடமொன்று உண்டு. அதனையே இம்மலர்வழி அன்பர்க்குக் கூற விழைகின்றோம்.

இறுப்பிட்டி புங்குடுதீவின் ஒரு பகுதி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் தாம்போதியைக் கடந்து குறிகட்டுவான் துறைமுகத்துக்கு விரையும்போது எமது தீவின் வழியேதான் விரைவர். இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலர். 1991 ஆம் ஆண்டிற் போர் காரணமாக எமது தீவு மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் சிலர், வாராதோர் பலர். கூரையிழந்து, முற்றத்திற் பூவரசு முளைத்து நிற்கும் வீடுகளை இன்றும் காணலாம். அவ்வீடுகளின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வளர்கின்றனர். நாம் அதற்கு முன்னரே கடல் கடந்தவர்கள். இலண்டனிற் பொறியியற் படவரைஞராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்பொழுது ஆண்டிற் பாதியை ஊரிற் கழிக்கின்றோம்.

வெளிநாடு சென்றோர் ஊருக்குச் செய்யும் உதவியின் முறையை அன்பர் அறிவர். தண்ணீர்த் தொட்டி, மணிக்கூட்டுக் கோபுரம், பாடசாலைக்கு மேசை கதிரை. யாவற்றிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்று. நாமும் அவ்வாறு இரண்டு கற்களுக்கு உரியோம். அதனை மறைப்பதற்கில்லை.

நிற்க. எமது பெயரன் இலண்டனிற் பயிலும் பாடசாலையில் முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்றுளது. இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் இவ்வகைப் பொறிகளை 21 பாடசாலைகளில் வைத்துப் பரிசோதித்து 2013 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் அவை பல பாடசாலைகளிற் பரவின. இப்பொறியின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்கராகிய சாள்ஸ் ஹல் என்பார் 1986 ஆம் ஆண்டில் இத்துறையின் முதற் காப்புரிமைகளுள் ஒன்றைப் பெற்றார். உருக்கிய இழையைப் படிப்படியாக இடும் முறைக்கு இருந்த காப்புரிமை 2009 ஆம் ஆண்டிற் காலாவதியாயிற்று. அதற்கு முன்னரே, 2005 ஆம் ஆண்டில், பாத் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஏட்றியன் போயர் தன் உறுப்புகளிற் பலவற்றைத் தானே அச்சிட வல்ல பொறியொன்றை வகுத்து, அதன் வரைபடங்களை யாவர்க்கும் பொதுவாக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். இவற்றாற் பொறியின் விலை வீழ்ந்தது. பள்ளிச் சிறுவர் கைக்கும் அது எட்டியது.

அது வேலை செய்யும் விதத்தை எமது தாய்மார்க்கு விளக்குதல் எளிது. இடியப்ப உரலிற் குழைத்த மாவை இட்டுப் பிழிய, இழை இழையாய் வீழ்ந்து தட்டில் வட்டமாகப் படிகின்றதன்றோ? இங்கே மாவுக்குப் பதிலாகச் சோள மாவிலிருந்து ஆக்கப்படும் ஒருவகைப் பிளாஸ்ரிக் இழை; அது சுமார் 200 பாகை வெப்பத்தில் உருகி, 0.4 மில்லிமீற்றர் துளையொன்றின் வழியே வெளிவரும். கைக்குப் பதிலாகக் கணினி அத்துளையை நடத்தும். ஒரு படை 0.2 மில்லிமீற்றர் தடிப்பு, அதன்மேல் இன்னொன்று, இவ்வாறு படைமேற் படையாகப் பொருள் உருப்பெறும்.

இலண்டன் மாணவர் சிலரையும் இறுப்பிட்டிப் பிள்ளைகள் சிலரையும் இணையவழிச் சேர்த்து இக்கலையைப் பயிற்றலாமென நாம் எண்ணினோம். இது எமது புதுக் கற்பனையன்று. 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் தோன்றிய 'லெவல் அப் வில்லேஜ்' என்னும் அமைப்பு, அந்நாட்டு மாணவரையும் பிறநாட்டு மாணவரையும் சோடி சேர்த்து, சூரிய ஒளியால் இயங்கும் கைவிளக்கொன்றை இருவரும் கூடி வடிவமைக்கச் செய்தது. எமது முயற்சி அத்துணைப் பெரிதன்று. எமது வீட்டு விறாந்தையில் இரண்டு கணினிகள். சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி, அஃதாவது இலண்டனில் முற்பகல் பதினொரு மணி வரையிலான ஒரு வேளை. விலையின்றிக் கிடைக்கும் ரிங்கர்காட் என்னும் வரைதற் கருவி. வடிவத்தைப் பிள்ளைகள் வரைவர். அங்கே பொறி அச்சிடும். ஊருக்கு வருவோர் கையிற் பொருள் வந்து சேரும்.

முதல் ஐந்து கிழமைகள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. இலண்டன் மாணவர் கற்பித்தனர். எம்மூர்ப் பிள்ளைகள் கேட்டனர். திறப்புக் கோவைக்குத் தொங்கவிடும் பெயர்த் துண்டுகளைப் பிள்ளைகள் வரைந்தனர். அவற்றுள் ஒரு சிறுவன், கடற்றொழில் செய்யும் குடும்பத்தவன், கூரிய மதியினன். ஆறாங் கிழமை திரையில் அங்குள்ள வகுப்பறைச் சுவர் தெரிந்தது. அதில் ஒட்டப்பட்டிருந்த ஆங்கில அறிவித்தலை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். வசதியற்ற தீவொன்றின் ஏழைச் சிறுவர்க்கு எமது அறிவை வழங்குவோம் என்பது அதன் பொருள். அவன் எம்மை நோக்கி, "ஐயா, உது எங்களையோ சொல்லியிருக்கு?" என்று வினாவினான். நாம் ஏதோ மழுப்பினோம். உண்மையாதெனின், அவ்வாசகம் அம்மாணவருடையதன்று; உதவி கோரி நாம் எழுதிய கடிதத்திலிருந்தே அவர்கள் அதனை எடுத்திருந்தனர்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவன் வரவில்லை. நாம் அவனைத் தேடிச் சென்றோம். கரையோரம் பூவரச நிழலில் அவனுடைய பாட்டனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். பேரன் அருகிருந்து நூல் சுற்றிக் கொடுத்தான். பெரியவர் எம்மை இருக்கச் சொல்லி, தேநீர் தருவித்து, ஊர்ப் புதினம் பேசினார். எழும் வேளையிலேதான் விடயத்தைத் தொட்டார்.

"தம்பி, நீங்கள் உவனுக்குப் படிப்பிக்கிறது எங்களுக்குச் சந்தோசம். ஆனால் உங்கடை பிள்ளையள் உவனிட்டை ஒண்டும் கேட்கேல்லையே? தாறவன் எப்பவும் தந்துகொண்டும் வாங்கிறவன் எப்பவும் வாங்கிக்கொண்டும் இருந்தால், அது சிநேகிதமோ?"

எமக்கு விடை வரவில்லை. அவர் கையிலிருந்த மரத்தாலான வலையூசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை கூர், மறுமுனை கவர், நடுவே நூலைச் சுற்றுதற்கு ஒரு நாக்கு. அதனைச் சிறுவனிடம் காட்டி, "இதை அவர்களுக்கு நீ படிப்பிப்பாயா?" என்றோம். அவன் உடனே விடை கூறவில்லை. மறுகிழமை ஊசியோடு வந்தான்.

அன்றுதொட்டு வகுப்பின் போக்கு மாறியது. இலண்டன் மாணவர் ஊசியைத் திரையிற் கண்டு, விரைவில் அழகாய் ஒன்றை வரைந்து அச்சிட்டு அனுப்பினர். அது 35 மில்லிமீற்றர் அகலம். நூல் சுற்றிய பின் வலைக்கண்ணுள் அது புகவேயில்லை. "கண்ணை அளக்காமல் ஊசியை ஏன் வரைந்தீர்கள்?" என்று சிறுவன் கேட்டான். பாட்டனார் கணக்கு விரற்கணக்கு. அவர்கள் கணக்கு மில்லிமீற்றர். விரலை அளவுகோலின்மேல் வைத்து அவன் அளந்து சொல்ல, 18 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டாம் ஊசி வந்தது.

அது கண்ணுட் புகுந்தது; வேலையும் செய்தது. மூன்றாம் நாள் நண்பகலில் வள்ளத்துப் பலகைமேல் அதனை வைத்துவிட்டு உண்ணச் சென்றனர். திரும்பி வந்தபோது அது வெயிலிற் போட்ட மெழுகு போல வளைந்து கிடந்தது. அவ்விழை சுமார் 60 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். இலண்டன் சாளரத்தோரம் ஆண்டு முழுவதும் கிடந்தாலும் அது வளைந்திராது. ஆதலின் இக்குறை அம்மாணவர்க்குத் தோன்ற வழியில்லை. எமது தீவின் வெயிலே அதனைக் கண்டுபிடித்தது. 80 பாகை அளவு வரை தாங்கும் பி.ஈ.ரி.ஜி. என்னும் வேறோர் இழைக்கு அவர்கள் மாறினர்.

மூன்றாவது தடவை ஐந்து ஊசிகள் வந்தன; ஐந்தும் நாக்கிலே முறிந்தன. காரணம் ஒருவர்க்கும் விளங்கவில்லை. சிறுவன் முறிந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவரிடம் போனான். அவர் நகத்தால் முறிவைச் சுரண்டிப் பார்த்து, நார் குறுக்கே ஓடுகின்றது என்றார். மரத்தில் நார் ஓடும் திசைக்கு இசைய வெட்டினாற் பலகை வளைந்து தாங்கும். குறுக்கே வெட்டினாற் படாரென்று முறியும். பொறி இட்ட படைகளே அதன் நார். ஐந்தையும் ஒரே தடவையில் அச்சிட விரும்பிய இலண்டன் மாணவர் ஊசிகளை நிமிர்த்தி நிறுத்தி அச்சிட்டிருந்தனர். இருபது சதமமீற்றர் ஊசியை நிமிர்த்தினால் 1,000 படைகள். அவற்றிடையே 999 பொருத்துகள். ஒவ்வொன்றும் முறிதற்கு ஓரிடம். 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள அதே ஊசியைப் படுக்கவைத்து அச்சிட்டால் 20 படைகளே. இழைகள் ஊசியின் நீளவாட்டில் ஓடுமாறும் செய்யலாம். இதனைச் சிறுவன் தன் அரைகுறை ஆங்கிலத்திலும் கைச்சைகையிலும் விளக்கியபோது, அங்கு அவர்களுடைய ஆசிரியரும் எழுந்து வந்து திரையருகே நின்று கேட்டார். எமது பெயரன் அன்றிரவு தொலைபேசியில் எம்மிடம் கேட்டது ஒன்றே: "தாத்தா, ஓடாவி எண்டால் என்ன?" எமது வீட்டில் மூன்று தலைமுறையாக வழங்காதிருந்த சொல் அது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கலம் செய்த ஓடாவிமார் வாழ்ந்த குடாநாட்டின் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லையென்று எண்ணிக் கடிதமெழுதிய எமது பேதைமையை என்னென்பது!

அகன்ற உலகிலும் இத்துறையின் சிறந்த எடுத்துக்காட்டு இவ்வுண்மையையே காட்டுகின்றது. தென்னாபிரிக்கத் தச்சராகிய றிச்சாட் வான் ஆஸ் 2011 ஆம் ஆண்டில் மரவேலையின்போது விரல்களை இழந்தார். இயந்திரக் கையொன்று செய்திருந்த அமெரிக்கர் ஐவன் ஓவனுடன் தொடர்பு கொண்டார். இருவரும் கடல்களுக்கு அப்பாலிருந்தே கூடி வடிவமைத்த செயற்கைக் கையின் வரைபடத்தை 2013 ஆம் ஆண்டில் உரிமை கோராது உலகுக்கு வழங்கினர். அதன்வழி வந்த தொண்டர்கள் பல நாடுகளிற் சிறார்க்குக் கைகளை அச்சிட்டு வழங்கி வருகின்றனர். விரலிழந்தவர் அங்கே இரவலராய் நிற்கவில்லை. தேவையை அறிந்தவரும் மரத்தை அறிந்தவரும் அவரே. ஆதலின் அவரும் வடிவமைத்தோருள் ஒருவர்.

எமது பழைய வகுப்புத் தோழர் ஒருவர் இவற்றைக் கேட்டுவிட்டு, "பட்டணத்துக் கடையிற் சொற்ப விலைக்கு வாங்கும் ஊசிக்கு இத்தனை ஆரவாரமோ?" என்று நகைத்தார். அவர் கூற்றில் உண்மையுண்டு. நான்காம் முறை வந்த ஊசி முறியவுமில்லை, வளையவுமில்லை. ஆயினும் பெரியவர் அதனை இரண்டு நாள் கையாண்டு, "பரவாயில்லை" என்று கூறித் தம் மரவூசியையே மீண்டும் எடுத்துக்கொண்டார். ஊசி எமது நோக்கமன்று. சிறுவன் இப்பொழுது கேத்திர கணித வகுப்பிற் கேள்வி கேட்கின்றானென அவன் ஆசிரியர் கூறினார். அவன் வடிவமைப்போனாவானோ, கடலுக்கே செல்வானோ, நாம் சொல்ல இயலாது. எதுவாயினும், தன் அறிவு பிறர்க்கு வேண்டப்படுவதென்று அவன் அறிவான்.

இலங்கையிற் க.பொ.த. உயர்தரத்தில் 2013 ஆம் ஆண்டிலே தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு தொடங்கிய அடல் ஆய்வுகூடங்கள் பாடசாலைகளுக்கு இத்தகைய பொறிகளை வழங்கின. இன்று நடுத்தரக் கைத்தொலைபேசி ஒன்றின் விலைக்கு எளிய பொறியொன்றை வாங்கலாம். பழைய மாணவராகிய நாம் அதனை வாங்கிக் கொடுத்தல் அரிதன்று. ஆயின் கொடுக்குமுன் ஒன்று செய்வோமாக. பிற நாட்டுப் பாடசாலையோடு எமது பிள்ளைகளை இணைக்குங்கால், முதற் பாடத்தை எமது பிள்ளைகளே கற்பிக்கட்டும். பெட்டி இழைப்போர், வள்ளம் கட்டுவோர், வலை பின்னுவோர், கிணற்றுக்குத் துலா இட்டோர் ஆகியோரின் பேரப்பிள்ளைகளிடம் அளவும் உண்டு, வடிவும் உண்டு.

சலவைக்கல் மாத்திரம் வேண்டாம். இலண்டன் வகுப்பறைச் சுவரிலிருந்த அறிவித்தலைப் பெயரன் கழற்றிவிட்டான். அவ்விடத்தில் இப்பொழுது முறிந்த ஐந்து ஊசிகளும் ஒரு பலகையில் மாட்டப்பட்டுள்ளன. கீழே 'இறுப்பிட்டி' என்று தமிழில் எழுதப்பட்டுளது. எழுத்து சற்றே கோணல்; எமது பெயரன் எழுதியது.