ஒரு சிறு சரக்குப் பெட்டி

பொழுதுபோக்கு பலவகை. சிலர் தபால் தலை சேர்ப்பர். சிலர் புறா வளர்ப்பர். எனக்கு வாய்த்ததோ, புகைவண்டிப் பெட்டிகளைச் சிறிய உருவிலே செய்து பார்ப்பது. பிள்ளை விளையாட்டென நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆயினும், சென்ற ஆண்டு நான் செய்த சரக்குப் பெட்டி ஒன்று எனக்குக் கற்பித்ததை நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

என் ஊர் ஜொகூரிலுள்ள குளுவாங். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. எங்கள் ஊர் அப்பாதையிலே உள்ளது. நீரிணையைக் கடக்க அக்காலத்தில் சரக்குப் பெட்டிகளை மிதவைகளில் ஏற்றிச் சென்றனர். 1923ஆம் ஆண்டில் கடற்பாலத்தின்மேல் சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கின. தோட்டத்து ரப்பர் அவ்வழியே சிங்கப்பூர் சென்றது. அக்காலத்து மூடு பெட்டி ஒன்றையே நான் செய்ய எண்ணினேன்.

நம் தண்டவாளங்களின் இடையகலம் ஒரு மீட்டர். 87இல் ஒரு பங்காகக் குறைத்தால் சற்றேறக்குறைய 12 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பின்புறமிருந்து ஊசியால் அழுத்தி, ஆணித்தலைகளை வரிசையாக எழுப்பினேன், சுவர்களை ஒட்டினேன், சக்கரம் பூட்டினேன்.

புதுப் பெட்டி பொம்மையாகவே தோன்றும். வெயிலும் மழையும் பட்ட அடையாளம் வேண்டுமன்றோ? முதலில் துரு நிறம் பூசினேன். உலர்ந்தபின் நீர் தெளித்து அடுக்களை உப்பைத் தூவினேன். உப்பு ஒட்டிக்கொண்டதும் அதன்மேல் சாம்பல் வண்ணம் தெளித்தேன். பின்னர் உப்பைத் தேய்த்து உதிர்க்க, அஃது இருந்த இடமெல்லாம் துரு வெளிப்பட்டது. துரு மனம்போனபடி தோன்றுவதன்று. நீர் தங்கும் இடங்களாகிய கதவுச் சட்டத்திலும் அடிவிளிம்பிலும் அது பிறக்கும். மழை வழிந்த திசையிலே கீழ்நோக்கிக் கோடிடும். இவற்றையெல்லாம் ஒரு மாத காலம் நுணுகி நுணுகித் தீட்டினேன்.

கூரையை ஒட்டுவதற்கு முன் என் அத்தை வந்தார். நெடுநேரம் பார்த்திருந்து, "தம்பி, அப்பா சயாமுக்குப் போனது இப்படிப்பட்ட பெட்டியிலேதானே? இதற்குள் எத்தனை பேர் படுக்கலாம்?" என்றார்.

எனக்கு நாணமாயிற்று. ஒரு மாதம் வெளிப்புறத்துக்கே உழைத்த நான், உட்புறத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

என் பாட்டனார் 1943ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஆட்சியில், தம் தம்பியோடு தோட்டத்தினின்று கொண்டுசெல்லப்பட்டவர். அவர் மீண்டார், தம்பி மீளவில்லை. வாழ்நாள் முழுதும் அவர் கதவை மூடி உறங்கியதில்லை.

ஐந்தரை அடி மனிதன் இவ்வளவையில் 19 மில்லிமீட்டர். அந்நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமுமாக 30 அட்டைத் துண்டுகள் வெட்டினேன். என் பெட்டியின் தளம் 63 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். குறுக்காக ஒரே வரிசையில் அடுக்க, பத்துத் துண்டுகள் படுத்தன. எஞ்சிய இருபது மேசைமேல் கிடந்தன. சிங்கப்பூரிலிருந்து சயாமிலுள்ள பான்பொங் வரை, பெட்டிக்கு ஏறக்குறைய 30 பேராக, நான்கைந்து நாள் சென்றதாகப் போர்க்கைதிகள் எழுதி வைத்துள்ளனர். இரும்புச் சுவர் பகலிலே கொதிக்கும். படுப்பதற்கும் முறை வைக்க வேண்டும்.

1942, 1943 ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையிலே நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். கைதிகளுள் பலர் கல்வியறிவுடையோர், எழுதினர். நம்மவரிலோ எழுத்தறிந்தவர் சிலரே. எழுதி வைத்தவர் மிகமிகச் சிலர். பிறர் குறிப்பைக் கொண்டு நம் பாட்டன்மார் பட்ட துயரை அளக்க வேண்டிய நிலையில் நிற்கின்றோம். நேயர்களே, உங்கள் இல்லத்து முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டவற்றை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

கூரையை ஒட்டிவிட்டேன். கதவை மட்டும் மூடாமல், திறந்த நிலையிலே ஒட்டினேன். அத்தை பார்த்தார், "அப்படியே இருக்கட்டும்" என்றார்.