டாம்கேட்டும் பதினொரு கேள்விக்குறியும்

தலைப்புல டாம்கேட்னு பார்த்ததும் இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம்னு ஓடிறாதீங்க மக்களே. திஸ்கி, டேப், யுனிகோடுன்னு எழுத்துருவை மாத்தி மாத்தி அல்லாடின எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

நடந்தது 2008-ல. காங்கேயம் அப்ப ஈரோடு மாவட்டம். (திருப்பூர் மாவட்டம் பொறந்தது 2009 பிப்ரவரியில.) நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஆணி புடுங்கிட்டு, பொழுதோட பஸ் ஏறி ஊருக்கு வந்துருவேன். காங்கேயம்னா வெளியூர்க்காரங்களுக்குக் காளைதான் ஞாபகம் வரும். ஊருக்குள்ள சோறு போடுறது அரிசி ஆலையும் தேங்காய்க் களமும். தேங்காய் லாரியில வந்து எறங்கும், உடைச்சு வெயில்ல காயப்போட்டு, பருப்பைத் தோண்டி எண்ணெய்க்கு அனுப்புவாங்க. எனக்கு மாமா முறை வேணும்கிற ஒருத்தர் அப்படி ஒரு களம் வச்சிருந்தார். பருப்புத் தோண்டுறது பூரா பொம்பளைங்க. மூட்டைக் கணக்குக்குக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா.

கூலிச் சீட்டு அதுவரைக்கும் இங்கிலீஷ்ல வந்துட்டிருந்துச்சு. பழனியம்மாளுக்கு ஒரு வாரம் ஒரு 'எல்', மறு வாரம் ரெண்டு 'எல்'. வாங்குறவங்க யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. மாமாவுக்கு ஒரு நல்ல யோசனை வந்துச்சு, பேரைத் தமிழ்ல அடிச்சுக் குடுத்தா அவங்களே பார்த்து வாங்கிக்குவாங்கல்ல? மென்பொருள் எழுதிக் குடுத்தவரைக் கூப்பிட்டு சொன்னார். அவரும் தமிழ்ப் பேருக்குன்னு ஒரு இடம் சேர்த்துக் குடுத்துட்டு, தன் கம்ப்யூட்டர்ல ஒரு பேரை அடிச்சுக் காட்டி, காசை வாங்கிட்டுப் போயிட்டார்.

ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் பாக்குற அக்கா 63 பேரை அடிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் 'பதிவு ஆனது'ன்னு வந்து அடுத்த காலிப் படிவம் தொறக்கும். அடிச்சது எப்படி உள்ள போச்சுன்னு காட்டுற பக்கமே அதுல கிடையாது. சனிக்கிழமை பிரிண்டர் சீட்டைத் துப்பினப்பதான் தெரிஞ்சுது. பேர் இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கேள்விக்குறி.

பேரைத் தேடிப் பார்க்கலாம்னு தேடல் பெட்டியில மாரியம்மாள்னு அடிச்சா, கேள்விக்குறி இல்ல, வேற ஒரு கண்றாவி. தலையில கோடு வச்ச ரோமன் 'ஏ' மூணு எழுத்துக்கு ஒருக்கா, நடுவுல வட்டத்துக்குள்ள 'ஆர்', 'கண்டுபிடிக்க முடியவில்லை'ன்னு கீழே ஒரு வரி. எழுதிக் குடுத்தவர் போனை எடுக்கல.

பட்டுவாடாவை நிறுத்த முடியுமா? அக்கா குத்துமதிப்பா ஆளைப் பார்த்து சீட்டைக் குடுத்தாங்க. அதுல ரெண்டு சீட்டு மாறிப்போச்சு. 820 ரூபாய் வாங்க வேண்டிய பழனியம்மாளுக்கு 640, 640 வாங்க வேண்டிய மாரியம்மாளுக்கு 820. (எங்க பக்கம் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பேருதான், யாரையும் தேடாதீங்க.) ரெண்டு பேருக்கும் நடுவுல பெரிய சண்டை. 180 ரூபாய் அன்னைக்கு சின்னக் காசு இல்ல. மாமா கையில இருந்து போட்டுக் குடுத்து சமாளிச்சுட்டு ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். "ஏனுங்க மாப்ள, காலைல சித்தெ வந்துட்டுப் போங்க. பேரெல்லாம் மிசின் தின்னுபோட்டுது."

ஞாயித்துக்கிழமை போனேன். ஒரு எக்ஸ்பி பெட்டி, டாம்கேட் 5.5, மைஎஸ்க்யூஎல் 5.0. சும்மா சொல்லக் கூடாது, டாம்கேட் எனக்குப் புடிச்ச பிராணி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன்கிறவர் எழுதினது, 1999-ல அப்பாச்சிக்குக் குடுத்துட்டாங்க. யாரையும் எதிர்பார்க்காம தன் பொழப்பைத் தானே பார்த்துக்கிற பிராணிங்கிறதாலதான் கடுவன் பூனைப் பேரை வச்சாராம். களத்து ஆபீஸ்ல, ஒரு நாளைக்கு மூணு தடவை கரண்ட் போனாலும் வந்ததும் அது பாட்டுக்கு எழுந்து நின்னுக்கும்.

முதல்ல லாக் ஃபைல். எங்கூருக்குப் பக்கத்துல சிவன்மலை இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. பக்தர் கனவுல வந்த பொருளை ஆண்டவன் உத்தரவுன்னு கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க. மண்ணு வச்சா நிலத்துக்கு என்னமோ ஆகப்போகுதும்பாங்க, தண்ணி வச்சா மழைம்பாங்க. டாம்கேட் லாக்கும் அப்படித்தான், அது ஒண்ணு சொல்லும், நாம ஒண்ணு அர்த்தம் பண்ணிக்குவோம். அன்னைக்குப் பெட்டியில ஒண்ணுமே இல்ல. ஒரு எக்ஸெப்ஷன் கூட இல்ல. எழுத்து கெட்டுப்போறதை யாரும் பிழைன்னு எழுதி வைக்கிறதில்ல. அதான் இந்த வியாதியில பெரிய தொந்தரவு.

இங்கதான் நம்மாளுங்க அனுபவம் கைகுடுத்துது. வலைப்பதிவு ஆரம்பிச்ச காலத்துல விண்டோஸ் 98-ல தமிழ்ப் பக்கம் தொறந்தா கட்டம் கட்டமா வரும், ஞாபகம் இருக்கா? எழுத்து பத்திரமா இருக்கும், காட்டுறதுக்கு எழுத்துரு இருக்காது, அவ்வளவுதான். கோணல் மாணலா ரோமன் எழுத்து வந்தா அது வேற. பைட்டெல்லாம் வந்து சேர்ந்துருச்சு, வாசிச்சவன் தப்பான மொழியில வாசிக்கிறான். சரியா வாசிக்கச் சொன்னா பெரும்பாலும் திரும்பி வந்துரும். கேள்விக்குறி வந்தா யாரோ வழியில 'இந்த எழுத்துக்கு என்கிட்ட இடமில்ல'ன்னு தூக்கிப் போட்டுட்டான்னு அர்த்தம். மாமாவும் அக்காவும் ஒரே கோளாறுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. என் கண்ணுக்கு ரெண்டு கோளாறு, ரெண்டு வேற இடம்.

டேட்டாபேஸ்ல போய் பேரை ஹெக்ஸ்ல காட்டச் சொன்னேன். தமிழ் யூடிஎஃப்-8ல இருந்தா ஒரு குறியீட்டுக்கு மூணு பைட்டு, எல்லாமே ஈ0-ல ஆரம்பிக்கும். 'காங்கேயம்' பார்க்க அஞ்சு எழுத்து, உள்ள க, கால், ங, புள்ளின்னு ஒன்பது குறியீடு, ஆக 27 பைட்டு. அந்த ஈ0-தான் தேடல் பெட்டியில கோடு வச்ச 'ஏ'வா வந்து நின்னது. பெயர்ப் பட்டியல்ல அது ஒண்ணு கூட இல்ல. 3எஃப், 3எஃப், 3எஃப்னு வரிசையா போச்சு. 3எஃப்னா கேள்விக்குறியேதான். போனது போனதுதான்.

தேடல் கோளாறு சுலபமா முடிஞ்சுது. எழுதிக் குடுத்தவர் வர்ற தகவலை யூடிஎஃப்-8ஆ படின்னு ஒரு ஃபில்டர் வச்சிருந்தார், சரியாத்தான் வச்சிருந்தார். ஆனா அது படிவத்தோட உடம்புல வர்ற தகவலுக்கு மட்டும். தேடல் முகவரியோட வால்ல கேள்விக்குறிக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டு வருது. (அட, இங்கயும் கேள்விக்குறி :)) அதை ஃபில்டர் தொடாது. டாம்கேட்டோட கனெக்டர்தான் அதைப் பிரிக்கும், அந்தக் கால டாம்கேட் அதை ஐஎஸ்ஓ-8859-1ஆதான் பிரிக்கும். மொத்தம் 256 கட்டம், மேற்கு ஐரோப்பா மொழிகளுக்குப் போட்டது. கோரிக்கையில எழுத்துமுறை சொல்லலேன்னா இதையே எடுத்துக்கோன்னு சர்வ்லெட் விதியிலயே இருந்துச்சு. சர்வர்.எக்ஸ்எம்எல் தொறந்து, 8080 கனெக்டர்ல யூஆர்ஐ-என்கோடிங் யூடிஎஃப்-8னு ஒரு சொல்லைச் சேர்த்து, டாம்கேட்டை நிறுத்தி ஏத்தினேன். கோணல் எழுத்து மறைஞ்சு மாரியம்மாள்னு அழகா வந்துச்சு. கூடவே 'கண்டுபிடிக்க முடியவில்லை'யும் வந்துச்சு. பட்டியல்ல பேரே இல்லையே, எங்க இருந்து கண்டுபிடிக்கும்!

அடுத்தது அடி ஆழத்துல. மைஎஸ்க்யூஎல்-ஐ அப்படியே நிறுவினா அந்தக் காலத்துல அதோட எழுத்துமுறை லத்தீன்-1. தமிழ்ப் பேருக்குச் சேர்த்த இடமும் லத்தீன்-1. எழுதிக் குடுத்தவர் கம்ப்யூட்டர்ல யூடிஎஃப்-8 போட்டிருந்திருப்பார், அங்க ஓடிருக்கும். இங்க ஜாவா வரைக்கும் நல்ல தமிழா வந்த பேரு, கடைசி வாசல்ல தள்ளிவிடப்பட்டிருக்கு. பட்டியலை யூடிஎஃப்-8க்கு மாத்தினேன், ஜேடிபிசி முகவரியிலயும் எழுத்துமுறையைச் சொன்னேன். அந்த முகவரி இருக்கிற கான்டெக்ஸ்ட் ஃபைலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். டாம்கேட் 5.5-ம் 6-ம் வார் ஃபைலுக்குள்ள இருக்கிற கான்டெக்ஸ்ட்டை முதல் தடவை கான்ஃப் ஃபோல்டருக்கு அடியில ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். அப்புறமேட்டுக்குப் புது வார் போட்டாலும் பழைய நகலைத்தான் படிக்கும். கம்பெனியில இதைப் பார்த்திருந்ததால நேரா அந்த நகல்லயே கை வச்சேன். 7-ல இருந்து இந்தப் பழக்கத்தை விட்டுருச்சு, புண்ணியம்.

இனி அடிக்கிற பேரு நிக்கும். போன 63 பேரு?

பழைய வருகை நோட்டுல பேரு இருக்கு, ஆள் எண் கிடையாது. எண் கம்ப்யூட்டர் குடுத்தது. அக்கா அடிச்சது நோட்டு வரிசையிலயும் இல்ல, வேலைக்கு வந்தவங்க வந்தவங்க பேரா. எண்ணுக்குப் பின்னாடி அந்த வார மூட்டைக் கணக்கு இருக்கு, அதைத் தூக்கிப் போட முடியாது.

அப்பத்தான் கேள்விக்குறியை எண்ணினேன். ஒரு குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி. வேலாத்தாள்னா பத்து, சரஸ்வதின்னா ஏழு, கருப்பாத்தாள்னா பதிமூணு. காற்புள்ளியும் இடைவெளியும் லத்தீன்லயும் இருக்கிறதால அது ரெண்டும் சாகல. பேருக்குப் பின்னாடி ஊரும் அடிச்சிருந்தாங்க, அதனால சிவன்மலைக்கு எட்டு, நத்தக்காடையூருக்குப் பதினாலுன்னு ஒரு அடையாளம் கிடைச்சுது. நோட்டுப் பேருக்கெல்லாம் பக்கத்துல பென்சில்ல எண்ணிக்கை போட்டேன். 31 பேரு சந்தேகமில்லாம ஒண்ணுக்கொண்ணு பொருந்துச்சு. மாமா பக்கத்துல உட்கார்ந்து தேங்காய் எண்ணுற மாதிரி எண்ணினார்.

சண்டை போட்ட ரெண்டு பேரும் ஏன் மாறினாங்கன்னும் அப்பத்தான் புரிஞ்சுது. பழனியம்மாள் பதினொண்ணு, மாரியம்மாளும் பதினொண்ணு. ஒருத்தர் ஊதியூர், ஒருத்தர் படியூர். ரெண்டு ஊரும் ஏழு. அந்த ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பேரு, காற்புள்ளி, ஊரு எல்லாம் அச்சு அசலா ஒண்ணு. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல.

மிச்சம் 32 பேரை திங்கக்கிழமை லீவு போட்டு களத்துலயே உட்கார்ந்து கேட்டேன். எத்தனை மூட்டைன்னு கேட்டா எல்லாருக்கும் மனப்பாடமா தெரியுது, அதை வச்சு எண்ணைப் புடிச்சாச்சு. வயசான அம்மா ஒருத்தங்க, "என்ற பேரு என்னத்துக்கு சாமி கம்ப்யூட்டருக்கு ஆகமாட்டீங்குது?"ன்னாங்க. லத்தீனைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்ல? "இடம் பத்தலீங்கம்மா, இப்ப பெருசு பண்ணியாச்சு"ன்னேன். அடுத்த சனிக்கிழமை சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு, பக்கத்துல இருந்தவங்ககிட்டயும் காட்டினாங்களாம். கையெழுத்துப் போட வராட்டியும் அவங்க பேரு மட்டும் படிக்க வரும்னு அக்கா சொன்னாங்க.

இப்ப இந்தத் தொல்லை ரொம்பக் குறைஞ்சு போச்சு. டாம்கேட் 8, 2014-ல வந்தது, முகவரியை அதுவாவே யூடிஎஃப்-8ஆ படிக்குது. மைஎஸ்க்யூஎல் 8.0-ம் 2018-ல லத்தீனை விட்டு யூடிஎஃப்-8க்கு வந்துருச்சு. ஜாவாவே 2022-ல வந்த 18-ம் பதிப்புல இருந்துதான் யூடிஎஃப்-8ஐ இயல்பா வச்சுக்கிச்சு, அவ்வளவு லேட்டு. ஆனா ஒண்ணு. புது மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறினாலும் பழைய பட்டியல் பழைய லத்தீன்லயேதான் இருக்கும். அது தானா மாறாது. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு அரிசி ஆலையில அப்படி ஒண்ணைப் பார்த்தேன். எல்லாம் புதுசு, விவசாயிங்க பேரு மட்டும் கேள்விக்குறி. பட்டியலை உருவாக்கின கட்டளையை ஒருக்கா காட்டச் சொல்லிப் பார்த்ததும் லத்தீன்-1னு பல்லைக் காட்டுச்சு. அங்க நல்ல வேளையா நாலு பேருதான் ஏறியிருந்தாங்க.

பி.கு: ஜேடிபிசி முகவரியில '&' குறி வரும். எக்ஸ்எம்எல்-க்குள்ள அதை மொட்டையா எழுதினா டாம்கேட் அந்த ஃபைலையே படிக்காது. அந்தக் குறிக்குப் பின்னாடி ஏ, எம், பி, அரைப்புள்ளின்னு சின்ன எழுத்துல நீட்டி எழுதணும். இது மட்டும் லாக்ல சத்தமா வரும்.